கதையும் கல்வெட்டும்: திருவாரூர்க் கோயிலை வகுப்பறையில் படித்தல்

கோயில் கதைகளை வகுப்பறையில் சொல்லலாமா? ஆசிரியர் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்களைக் கேட்கிறேன். "எதற்கு வம்பு? பாடப்புத்தகத்தில் இருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்பது ஒன்று. "பெரியவர்கள் சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம்" என்பது மற்றொன்று. முதல் பதிலைப் பின்பற்றினால், பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி வீட்டில் கேட்டறிந்த செய்தி பள்ளிக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாவதைப் பின்பற்றினால், கேள்வி கேட்கும் பழக்கம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியராக அந்த வழியைத் திருவாரூர் தியாகராசர் கோயிலைக் கொண்டு நான் முயன்று பார்த்துவருகிறேன். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் திருவாரூர்? தமிழகத்தில் பழமையான சிவன் கோயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் தலபுராணம், தேவாரம், பெரியபுராணம், சோழர் கல்வெட்டு, மராட்டியர் கால ஓவியம், இன்றும் ஓடும் தேர், இசை மரபு ஆகிய எல்லாம் ஒரே மதிலுக்குள்ளும் அதைச் சுற்றியும் கிடைப்பது அரிது. ஒரு செய்தி கதையாகச் சொல்லப்படுவதையும், கல்லில் பொறிக்கப்படுவதையும், வண்ணத்தில் தீட்டப்படுவதையும் அருகருகே வைத்துப் பார்க்க இந்த ஊர் இடம் தருகிறது.

நான்கு கட்டப் பட்டியல்

பாடத்தைத் தொடங்கும் முன் மாணவர்களிடம் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களைச் சேர்த்து நான்கு கட்டங்கள் வரையச் சொல்வேன். முதல் கட்டம்: என்ன சொல்லப்படுகிறது? இரண்டாம் கட்டம்: யார், எப்போது சொன்னது? மூன்றாம் கட்டம்: கல்லிலோ செம்பிலோ ஓவியத்திலோ இன்று கண்ணால் காணக்கூடியது என்ன? நான்காம் கட்டம்: நம் கேள்வி என்ன?

ஆறாம் வகுப்பு மாணவர்களும் இதை எளிதாகச் செய்கிறார்கள். "இது உண்மையா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்போது "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ நான் சொல்வதில்லை. "எந்தக் கட்டத்தில் எழுதலாம், சொல்" என்பேன். கேள்வி அடைபடாமல் அடுத்த படிக்கு நகர்கிறது. அந்தப் பிள்ளையின் வீட்டு நம்பிக்கையும் காயப்படுவதில்லை.

குரங்கு முகத்து அரசன்

முதலில் முசுகுந்தன் கதையை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கயிலையில் சிவனும் உமையும் இருந்த வில்வ மரத்தின் மேலிருந்து ஒரு குரங்கு இலைகளைப் பறித்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தது. அதையே வழிபாடாக ஏற்ற சிவன், அது மண்ணுலகில் பேரரசனாகப் பிறக்க அருளினார். அரசனானாலும் தான் யார் என்பதை மறக்காதிருக்கக் குரங்கு முகமே வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. அப்படிப் பிறந்தவன் முசுகுந்தச் சக்கரவர்த்தி. போரில் இந்திரனுக்குத் துணைநின்றதற்குப் பரிசாக, திருமால் தம் மார்பில் வைத்து வழிபட்ட தியாகராசர் திருமேனியைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதே போல் ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழையும் முன்னால் வைத்தான். முசுகுந்தன் உண்மையானதைச் சரியாக அடையாளம் காட்டினான். வேறு வழியின்றி இந்திரன் ஏழையும் கொடுத்தான்.

அந்த ஏழும் ஏழு ஊர்களில் இருப்பதாக மரபு. திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், வேதாரண்யம் ஆகிய இந்த ஏழையும் சப்தவிடங்கத் தலங்கள் என்பர். ஒவ்வோர் ஊரிலும் விடங்கருக்கு ஒரு பெயர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு நடனம். திருவாரூரில் வீதிவிடங்கர், அசபா நடனம். திருமாலின் மூச்சுக்கேற்ப அவர் மார்பில் ஏறி இறங்கி ஆடியதால் அந்தப் பெயர். திருநள்ளாற்றில் நகரவிடங்கர், உன்மத்த நடனம், அதாவது பித்தர் ஆட்டம். நாகப்பட்டினத்தில் சுந்தரவிடங்கர், கடலலை போன்ற ஆட்டம். திருக்காறாயிலில் ஆதிவிடங்கர், கோழி நடை. திருக்குவளையில் அவனிவிடங்கர், வண்டின் ஆட்டம். திருவாய்மூரில் நீலவிடங்கர், தாமரை அசைவு. வேதாரண்யத்தில் புவனிவிடங்கர், அன்ன நடை.

இங்கே வரைபடத்தை விரிக்கச் சொல்லலாம். ஏழு ஊர்களையும் குறித்தால் அவை காவிரிக் கழிமுகத்தின் கீழைப் பகுதியில் நெருங்கி அமைந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். இரண்டு ஊர்கள் கடற்கரையில். மற்றவை நெல்வயல்களுக்கு நடுவே. ஓர் அலை, ஒரு வண்டு, ஒரு கோழி, ஓர் அன்னம் என்று அந்த நிலத்தில் அன்றாடம் கண்ணில் படும் அசைவுகளே நடனங்களாகியிருக்கின்றன. "உங்கள் ஊருக்கு ஒரு நடனம் வைத்தால் எதன் அசைவை எடுப்பீர்கள்?" என்று கேட்டபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நாற்றுநடும்போது அம்மா பின்னாலேயே நகர்வாள் சார், அது" என்றாள். அன்று வகுப்பில் அதைவிட நல்ல பதில் வரவில்லை.

மூன்றாம் கட்டத்தில் எழுத இந்தக் கதைக்கு அருமையான சான்று இருக்கிறது. கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை வரிசையாக ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. தஞ்சை மராட்டியர் காலத்து ஓவியம் அது. ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டின் இறுதி. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். ஓவியரின் பெயர் சிங்காதனம் என்பதும் எழுத்திலேயே இருக்கிறது. பெயர் தெரியாத கைவினைஞர்களே மிகுந்த நம் கலை வரலாற்றில் இது முக்கியமான செய்தி.

ஓவியத்தைக் காட்டும்போது மாணவர்களிடம் இரண்டு காலங்களைப் பிரிக்கச் சொல்லலாம். கதை நடப்பது புராண காலத்தில். ஆனால் ஓவியத்தில் காணும் உடை, இசைக்கருவி, ஆடல், வாணவேடிக்கை எல்லாம் ஓவியர் தம் கண்ணால் கண்ட காலத்தவை. இந்திரலோகத்தை வரைய உட்கார்ந்தவர் தம்மை அறியாமலே தஞ்சைச் சீமையின் திருவிழாவை நமக்குப் பதிவு செய்து வைத்திருக்கிறார். கதை எந்தக் காலத்தைப் பற்றியது என்பதும், அது எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது என்பதும் வேறு வேறு. வரலாறு படிக்கும் பிள்ளை கற்க வேண்டிய முதல் பாடங்களுள் இது ஒன்று.

கன்றும் தேர்க்காலும்

திருவாரூர் என்றதும் எல்லா மாணவரும் சொல்லும் கதை மனுநீதிச் சோழன். இளவரசன் ஓட்டிய தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கோயிலுக்கு வெளியே இந்தக் கதையைச் சொல்லும் கல்தேரும் இருக்கிறது. "மனுநீதி நாள் முகாம்" என்று வருவாய்த்துறை நடத்தும் குறைதீர் நாளையும் பிள்ளைகள் அறிவார்கள். அப்பா பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்த நாள் அது. பழங்கதை ஒன்று அரசு அலுவலகத்தின் பெயர்ப்பலகைவரை வந்திருப்பதை அவர்களே எடுத்துக்காட்டுவார்கள்.

உயர்நிலை வகுப்புகளில் இந்தக் கதையின் பல வடிவங்களை ஒப்பிடலாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமையைச் சொல்லும்போது இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறாள். அங்கே ஊர் புகார். அரசன் பெயர் இல்லை. இலங்கையில் பாலி மொழியில் எழுந்த மகாவம்சம், அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் மீது இதே கதையைச் சொல்கிறது. சோழ நாட்டிலிருந்து சென்று ஆண்டவன் எல்லாளன். அவன் மகன் குளத்துக்குப் போகும் வழியில் கன்று தேர்க்காலில் சிக்குகிறது. பசு மணியை அடிக்கிறது. அரசன் தண்டனை விதிக்கிறான். மகன் உயிர்பெற்று எழுவதாக அங்கே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில்தான் ஊர் திருவாரூர், அரசன் மனுச்சோழன் என்று கதை விரிகிறது. இளவரசன் மீது தேரை ஏற்றுமாறு பணிக்கப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மனமின்றித் தம் உயிரை விட, அரசன் தானே தேரைச் செலுத்துகிறான். இறுதியில் வீதிவிடங்கர் தோன்ற, கன்றும் மகனும் அமைச்சரும் உயிர்பெறுகிறார்கள். பெரியபுராணத்துக்குச் சற்று முன்னர், விக்கிரம சோழன் காலத்திலேயே, இந்தக் கதை திருவாரூர்க் கோயில் கல்வெட்டொன்றில் இடம்பெற்றுவிட்டது.

ஒரே கதை ஏன் மூன்று ஊர்களில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது? "யாரோ காப்பியடித்திருக்கிறார்கள்" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். அதோடு விட்டுவிடாமல், "ஒவ்வொருவரும் எதற்காக அந்தக் கதையைச் சொன்னார்கள்?" என்று கேட்க வேண்டும். கண்ணகிக்கு அது, நீதி தவறிய அரசன்முன் வைக்கும் சான்று. மகாவம்சம் எழுதியவருக்கு எல்லாளன் வேற்றுச் சமயத்தவன்; தம் நூல் நாயகனின் எதிரி. அப்படியிருந்தும் அவனுடைய நீதியை அவர் மறைக்கவில்லை. சேக்கிழாருக்கோ அது தம் காப்பியம் தொடங்கும் ஊரின் சிறப்பு. கதை ஒன்றே, பயன் மூன்று.

வகுப்பில் எப்போதும் வாதத்தைக் கிளப்பும் கேள்வி இன்னொன்று உண்டு. தெரியாமல் நடந்த விபத்துக்கு மரண தண்டனை நீதியா? ஒன்பதாம் வகுப்பில் இதை வழக்காடு மன்றமாக நடத்தலாம். இளவரசன் தரப்பு, பசுவின் தரப்பு, அமைச்சர் தரப்பு என மூன்று குழுக்கள் போதும். குற்றம், கவனக்குறைவு, நோக்கம், தண்டனை என்ற சொற்களைக் குடிமையியல் பாடத்தில் வறட்டு விளக்கமாகச் சொல்வதைவிட இங்கே அவை உயிரோடு வந்து நிற்கும். ஆள்பவரின் மகனுக்கும் சட்டம் ஒன்றே என்பதை எல்லாக் குழுவும் ஒப்புக்கொள்ளும். தண்டனையின் அளவில்தான் கருத்து மோதும். அந்த மோதலே நமக்கு வேண்டியது.

நீரில் எரிந்த விளக்கும் எல்லாரும் கலந்த திருவிழாவும்

நமிநந்தியடிகள் ஏமப்பேறூரைச் சேர்ந்தவர். திருவாரூருக்கு வந்து வழிபடுபவர். அறநெறி என்னும் சன்னிதியில் விளக்கேற்ற எண்ணெய் கேட்டு அருகிலிருந்த வீட்டுக்குப் போகிறார். அங்கிருந்த சமணர், "கையிலேயே தீ வைத்திருப்பவருக்கு விளக்கு எதற்கு? வேண்டுமானால் தண்ணீரை ஊற்றி எரியும்" என்று ஏளனம் செய்கின்றனர். அவர் கமலாலயக் குளத்து நீரை முகந்து ஊற்ற, விளக்கு எரிந்தது என்பது பெரியபுராணக் கதை.

"தண்ணீரில் விளக்கு எரியுமா?" என்ற கேள்வி உடனே வரும். அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து செய்துகாட்டலாம். ஓர் அகலில் எண்ணெய், இன்னோர் அகலில் தண்ணீர், இரண்டிலும் திரி. தண்ணீர் எரியாது, அதில் ஒளிவுமறைவு வேண்டாம். பிறகு தமிழாசிரியர் தொடரலாம்: கேட்டுப் போனவரை வாசலில் வைத்து ஏளனம் செய்தால் அந்த மனம் என்ன பாடுபடும்? கதை அந்த வலியிலிருந்து பிறக்கிறது. அறிவியல் வகுப்பும் இலக்கிய வகுப்பும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கு விடை தேடுகின்றன.

அதே அடியாரைப் பற்றிய இரண்டாவது கதை பலருக்கும் தெரியாது. திருமணலி என்னும் ஊருக்கு இறைவன் எழுந்தருளும் விழாவில் எல்லாக் குலத்தாரும் கலந்துகொள்கின்றனர். வீடு திரும்பிய நமிநந்தியடிகள், கூட்டத்தில் கலந்ததால் தீட்டு என்று கருதி, குளிக்காமல் உள்ளே போகத் தயங்கித் திண்ணையில் படுத்து உறங்கிவிடுகிறார். கனவில் இறைவன் தோன்றி, ஆரூரில் பிறந்தார் எல்லாரும் தம் கணங்களே என்று உணர்த்துகிறார். விழித்தெழுந்தவர் அந்த உண்மையைக் கண்ணாரக் கண்டு தம் எண்ணத்துக்காக வருந்துகிறார்.

தீட்டு என்ற எண்ணம் அடியார் ஒருவரிடமே இருந்தது என்பதையும், அது தவறு என்பதையும் 12ஆம் நூற்றாண்டுக் காப்பியம் ஒன்று சொல்கிறது. சோமாசிமாற நாயனாரின் வேள்விக்குத் தியாகராசர் புலையர் வடிவில் பறையும் நாய்களுமாக வந்தார் என்ற வட்டாரக் கதையும் இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. வேள்வி செய்ய வந்தவர்கள் அஞ்சி ஓட, நாயனார் மட்டும் அவரை அடையாளம் கண்டு வணங்கினார் என்பர்.

இங்கே நாம் ஒரு நேர்மையைக் கடைப்பிடிக்க வேண்டும். கதை சமத்துவம் பேசியது என்பதால் வாழ்க்கையிலும் அது இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. தியாகராசர் விழாவில் பறையர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் யானைமீது அமர்ந்து சாமரம் வீசும் உரிமை பெற்றிருந்ததை, 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் குறிப்பிடுகிறது. அந்த விழா நாளின் மரியாதை ஒருபுறம். மறுபுறம், ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் செல்ல 1939இல் மதுரையில் ஆலய நுழைவு நடக்க வேண்டியிருந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. "விழா நாள் மரியாதை, ஆண்டு முழுவதற்கும் உரிமையாகுமா?" என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் பேசாமல் இருப்பேன். நம் வகுப்பறைகளில் அந்த வரலாற்றைத் தம் தாத்தா பாட்டியின் வாழ்க்கையாக அறிந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேச விரும்பினால் பேசட்டும். பேசச் சொல்லி யாரையும் சுட்டிக்காட்டக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் பேசும் கதை

தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். கமலாலயக் குளம் தூர்ந்து சுருங்கியதைக் கண்டு வருந்தி, குளத்தினுள்ளும் கரையிலும் கம்பு நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணை வெட்டிச் சுமந்து கொட்டினார் என்கிறது பெரியபுராணம். மாற்றுத்திறனாளி ஒருவர் தாமே ஒரு வழிமுறையை உருவாக்கிப் பொதுப்பணி செய்யும் கதை இது. உள்ளடக்கிய கல்வி பற்றிய உரையாடலுக்கு நல்ல தொடக்கம்.

ஆனால் கதையின் பிற்பகுதியில் சமணர்களோடு பூசல் வருகிறது. தண்டியடிகள் பார்வை பெறுகிறார். சமணர்கள் பார்வை இழந்து ஊரைவிட்டே விரட்டப்படுகிறார்கள். இதை மறைக்கவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். "இந்தக் கதையைச் சொன்னவர் யார்? சமணர் ஒருவர் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்?" என்று கேட்டாலே போதும். சீவகசிந்தாமணியும், நாம் இலக்கணம் கற்பிக்கும் நன்னூலும் சமணப் புலவர்களின் கொடை. தமிழ்ச் சமணர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். சமயப் போட்டி நிலவிய காலத்துக் கதைகளில் எதிர்த்தரப்பின் குரல் கேட்பதில்லை. அந்த மௌனத்தைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பது இன்றைய செய்திகளைப் படிக்கவும் உதவும்.

கல் சொல்லும் பெண்கள்

கதைகளில் அரசரும் அடியாரும் நிறைந்திருக்க, கல்வெட்டுகளில் பெண்கள் தனித்துத் தெரிகிறார்கள். திருவாரூர் அறநெறிச் சன்னிதியைக் கற்றளியாக எடுத்தவர் செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் மறைந்தபின் பல கோயில்களைக் கல்லால் கட்டுவித்த அரசி அவர். நமிநந்தியடிகள் விளக்கேற்றியதாகச் சொல்லப்படும் அதே இடம் என்பதை மாணவர்கள் பட்டியலில் இணைத்துப் பார்ப்பார்கள்.

முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, அனுக்கியார் பரவை நங்கையார் என்பவர் வீதிவிடங்கர் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததைச் சொல்கிறது. அரசனும் அவரும் நின்று வழிபட்ட இடத்தில் குத்துவிளக்கு வைக்கப்பட்டதையும் பதிவு செய்கிறது. இங்கே ஒரு குழப்பம் வரும். சுந்தரர் மணந்த பரவையாரும் திருவாரூரைச் சேர்ந்தவரே. இருவருக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒரே பெயர் வந்தால் ஒரே ஆள் என்று கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. காலக்கோடு ஒன்று வரையச் சொன்னால் குழப்பம் தானே தீரும்.

முதலாம் இராசராசன், தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்த் தளிகளிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்தான். அவர்களுடைய பெயர், சொந்த ஊர், குடியிருந்த தெரு, வீட்டின் வரிசை எல்லாம் தஞ்சைக் கல்வெட்டில் உள்ளன. அவர்களுள் திருவாரூரிலிருந்து சென்றவர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆடற்கலைஞர் ஒருவரின் முகவரி கல்லில் இருப்பதைக் கேட்டு மாணவிகள் வியப்பார்கள். அந்த மரபும் மங்கள இசை மரபும் செழித்த இந்த ஊரில்தான் சியாமா சாஸ்திரி, தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் 18ஆம் நூற்றாண்டில் பிறந்தார்கள். தியாகராசருக்கு ஊர்ப் பெருமானின் பெயரே வைக்கப்பட்டது.

கணக்கு, அறிவியல், மொழி

"கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பது ஊர் வழக்கு. ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர். அப்படியானால் ஐந்து வேலி சுமார் 33 ஏக்கர். எக்டேரில் சுமார் 13.5. குளம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் எத்தனை மீட்டர்? வர்க்கமூலம் கண்டால் சுமார் 367 மீட்டர். இனி மாணவர்கள் கமலாலயக் கரையைக் காலடியால் அளக்கலாம்; அல்லது கணினி அறையில் செயற்கைக்கோள் வரைபடத்தில் அளக்கலாம். கிடைக்கும் விடை வழக்கோடு பொருந்துகிறதா, எவ்வளவு வேறுபடுகிறது, ஏன் என்று எழுதச் சொல்லலாம். ஒரு மரபுத் தொடரை அளந்து பார்ப்பது அதை இழிவுபடுத்துவதாகாது.

அடுத்து ஆழித்தேர். அலங்கரித்த நிலையில் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்பர். நெடுங்காலம் ஓடாமல் நின்றிருந்த தேர் 1970இல் மீண்டும் ஓடியது. இரும்பு அச்சும், திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் அதைச் சாத்தியமாக்கின. அதற்கு முன்பு தேரை நிறுத்தியதும் திருப்பியதும் முட்டுக்கட்டைகள்தாம். சக்கரத்துக்கு அடியில் சரிவான கட்டையைச் செருகுவோர் கண்ணும் கையும் ஒன்றாகச் செயல்பட வேண்டும். உராய்வு, சாய்தளம், நிலைமம், பாஸ்கல் விதி என்று இயற்பியல் பாடத்தின் பாதி இந்தத் தேரில் அடங்கியிருக்கிறது. ஐந்து முகங்களும் ஐந்து ஒலிகளும் கொண்ட பஞ்சமுக வாத்தியம் ஒலியியல் பாடத்துக்கு உதவும்.

தமிழாசிரியர்களுக்கும் இங்கே விருந்து உண்டு. முட்டுக்கட்டை போடுதல், வடம் பிடித்தல், தேர் நிலைக்கு வருதல் எல்லாம் தேரோடும் வீதியிலிருந்து பேச்சுக்கு வந்தவை. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுக் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்ற கதையே "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது" என்னும் தொடராகியிருக்கிறது. வழக்குத் தொடருக்குப் பின்னால் ஒரு கதையும், கதைக்குப் பின்னால் ஒரு நிலமும் இருப்பதைப் பிள்ளைகள் உணரும்போது மொழி அவர்களுக்கு நெருக்கமாகிறது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

களப்பயணம் போகும்போது அது வழிபாட்டுப் பயணமன்று என்பதைப் பெற்றோருக்கு எழுத்திலேயே தெரிவித்துவிடுங்கள். எல்லாச் சமயப் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். சன்னிதிக்குள் செல்ல விரும்பாதவர்களுக்கு மதில், குளம், கல்தேர், தேர்நிலை, வெளிப்பிராகாரம் ஆகியவற்றிலேயே முழுமையான பணித்தாள் கொடுக்கலாம். அவர்கள் தனித்துவிடப்பட்டதாக உணரக் கூடாது. கல்வெட்டின் மேல் சுண்ணக்கட்டி தேய்க்கவோ, ஓவியத்தைத் தொடவோ, பிளாஷ் வெளிச்சத்தில் படமெடுக்கவோ கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். படம் எடுப்பதற்குக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது.

மதிப்பீட்டுக்கு நான் மனப்பாடக் கேள்வி வைப்பதில்லை. ஒரு கதையை எடுத்துக்கொண்டு நான்கு கட்டங்களையும் நிரப்பி, நான்காம் கட்டத்தில் குறைந்தது இரண்டு கேள்விகள் எழுத வேண்டும். கேள்விக்குத்தான் மதிப்பெண். "முசுகுந்தன் ஏன் குரங்கு முகத்தையே கேட்டான்? அரசர் எல்லாரும் அப்படிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று எழுதிய எட்டாம் வகுப்பு மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

திருவாரூர் உங்கள் பள்ளிக்குத் தொலைவில் இருக்கலாம். அதனால் ஒன்றும் குறையில்லை. உங்கள் ஊரில் ஓர் அம்மன் கோயில், ஒரு தர்கா, ஒரு தேவாலயம், ஓர் ஐயனார் திடல், ஒரு நடுகல் இருக்கும். அதைப் பற்றி ஒரு பாட்டியிடம் ஒரு கதையும் இருக்கும். வரும் வாரத்தில் பிள்ளைகளை அந்தக் கதையைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சொன்னவர் பெயர், வயது, அவர் யாரிடம் கேட்டார் என்பவற்றையும் குறித்துவரட்டும். நான்கு கட்டங்களில் முதல் இரண்டு அப்போதே நிரம்பிவிடும். மற்ற இரண்டையும் வகுப்பறையில் சேர்ந்து நிரப்பலாம்.